படை இல்லாத பிப்ரவரி: 1801-ல் அமெரிக்க ஆட்சி கைமாறிய கதை

1801 மார்ச் 4, விடிகாலை 4 மணி. அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ் கோச்சு வண்டியில் ஏறி வாஷிங்டனை விட்டுக் கிளம்பிவிட்டார். அவரைத் தோற்கடித்த தாமஸ் ஜெஃபர்சன் பதவியேற்க இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. அதைப் பார்க்க ஆடம்ஸ் நிற்கவில்லை. வருத்தம் இருந்திருக்கும், அவமானமும் இருந்திருக்கும். மூன்று மாதம் முன்புதான் அவருடைய மகன் சார்ல்ஸ் இறந்திருந்தார். எப்படியோ, ஆட்சியில் இருந்த கட்சி தேர்தலில் தோற்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது அந்த நாட்டில் அதுவே முதல் முறை.

அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். வாக்கின் மூலம், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஆட்சி எதிர்த்தரப்புக்குப் போனது என்று எழுதும். பொய் இல்லை. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பு பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆளுநர்கள் இருவரும் மிலிஷியா என்ற மாநிலப் படைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் 35 முறை வாக்கெடுத்தும் அடுத்த அதிபர் யார் என்று முடிவாகவில்லை. இடைக்கால அதிபர் ஒருவரைச் சட்டம் போட்டு நியமித்துவிடலாமா என்று தோற்ற கட்சி யோசித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் பற்றிக்கொள்ளவில்லை?

தலைவர்களின் பெருந்தன்மை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அந்த அமைதியின் பெரும்பங்கு, தேர்தலுக்கு ஒன்றரை வருடம் முன்பு ஆடம்ஸ் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. அவருடைய கட்சியையே உடைத்த முடிவு அது.

கட்சிகள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை

முதலில் அந்தத் தேர்தல் முறையைப் பார்த்துவிடலாம். கோளாறு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதியவர்கள் கட்சிகளைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர்களை நியமிக்கும். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பேருக்கு வாக்களிப்பார். அதிபருக்கு இது, துணை அதிபருக்கு இது என்று பிரித்துக் குறிக்க முடியாது. பெரும்பான்மையோடு முதலிடம் வந்தவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். இருவரும் சமமாக வந்தால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். அங்கேயும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு வாக்கு.

ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தவரை இது ஓடியது. அவருக்கு எதிரே நிற்க ஆளே இல்லை. 1796-ல் அவர் விலகியதும் பல்லிளித்துவிட்டது. ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஆடம்ஸுக்கு 71, எதிர் முகாமின் ஜெஃபர்சனுக்கு 68. விதிப்படி ஒருவர் அதிபர், அவரைத் தோற்கடிக்க முயன்றவரே துணை அதிபர். நான்கு வருடம் ஒரே ஆட்சிக்குள் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் குடித்தனம் நடத்தின.

ஜெஃபர்சன் கட்சிக்கு அன்று ரிபப்ளிகன் என்றே பெயர். இன்றைய ரிபப்ளிகன் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1850-களில் பிறந்த வேறு கட்சி. ஃபெடரலிஸ்டுகளுக்கு வலுவான மைய அரசு, தேசிய வங்கி, பிரிட்டனோடு வணிகம். நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்கு மாநிலங்கள் அவர்களின் கோட்டை. ரிபப்ளிகன்களுக்கு மாநில உரிமை, விவசாயிகள் நலன், பிரெஞ்சுப் புரட்சி மீது ஒரு பாசம். வர்ஜீனியாவும் தெற்கும் அவர்கள் பக்கம்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நியாயமான எதிர்க்கட்சி என்ற எண்ணமே அன்று யாருக்கும் பழக்கமில்லை. வாஷிங்டன் 1796 செப்டம்பரில் வெளியிட்ட விடைபெறும் உரையிலேயே கட்சி வெறியை நாட்டின் கேடு என்று எச்சரித்திருந்தார். ஃபெடரலிஸ்டுகள் கண்ணுக்கு ஜெஃபர்சன் கூட்டம் பாரிஸில் தலை வெட்டிய கில்லட்டினை இங்கே இறக்குமதி செய்யப் பார்க்கும் கும்பல். ரிபப்ளிகன்கள் கண்ணுக்கு ஆடம்ஸ் கூட்டம் மன்னராட்சியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரும் சதிகாரர்கள். எதிராளி ஜெயித்தால் நாடே போய்விடும் என்று இரு தரப்பும் உண்மையாகவே நம்பின.

எழுதினால் சிறை

1798-ல் பிரான்சோடு கடலில் அறிவிக்கப்படாத போர் மூண்டது. அந்தச் சூட்டில் ஃபெடரலிஸ்டுகள் தேசத்துரோகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபரை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்தது ஜெஃபர்சன் அல்லவா, அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம்! சட்டத்தின் ஆயுள் 1801 மார்ச் 3 வரை, அதாவது ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள்வரை. ஒருவேளை எதிர்க்கட்சி வந்துவிட்டால் இதே கத்தி தங்கள் மேல் திரும்பக் கூடாது என்ற முன்யோசனை. சட்டம் எழுதியவர்களின் மனசு இந்தத் தேதியிலேயே தெரிகிறது.

இதில் முதலில் தண்டனை பெற்றவர் மாத்யூ லயன். அயர்லாந்தில் பிறந்தவர், வெர்மான்ட் மாநிலத்தின் ரிபப்ளிகன் உறுப்பினர். நாகரிகத்துக்குப் பெயர்போனவர் அல்ல. 1798 ஜனவரியில் சபைக்குள்ளேயே கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட், லயனின் போர்க்கால வீரத்தைக் கிண்டல் செய்ய, லயன் அவர் முகத்தில் துப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து அவரை அடித்தார். லயன் கணப்பு அடுப்பின் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு திருப்பி இறங்கினார். மேதகு உறுப்பினர்கள் இருவரும் தரையில் உருண்டார்கள்.

அதே வருடம் அக்டோபரில், அதிபர் ஆடம்பரத்துக்கும் முகஸ்துதிக்கும் அலைகிறார் என்று எழுதியதற்காக லயனுக்கு நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் என்ற சின்ன ஊரின் சிறையில் போட்டார்கள். சிறைக்குள் இருந்தபடியே அவர் மறுதேர்தலில் நின்று ஜெயித்தார். இந்த மனிதரை நினைவில் வைத்திருங்கள், 36-வது சுற்றில் திரும்ப வருவார்.

ஆடம்ஸ் கலைத்த படை

பிரெஞ்சுப் பூச்சாண்டி காட்டியே 1798-ல் ஒரு புதிய படையும் உருவானது. பெயரளவில் தலைமை வாஷிங்டன். ஆனால் வயதான அவருக்குப் பதிலாக உண்மையில் நடத்தியது அலெக்சாண்டர் ஹாமில்டன். ஃபெடரலிஸ்ட் கட்சியின் மூளை அவர், ஆடம்ஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கடல் தாண்டி பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்று நம்ப ஆடம்ஸ் தயாராக இல்லை. அப்படியென்றால் இந்தப் படை எதற்கு?

ஒரு பதில் ஹாமில்டனின் கடிதத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவும் கென்டக்கியும் தேசத்துரோகச் சட்டம் செல்லாது என்று தீர்மானம் போட்டிருந்த நேரம் அது. 1799 பிப்ரவரி 2 அன்று தியோடர் செட்ஜ்விக் என்ற ஃபெடரலிஸ்ட் தலைவருக்கு ஹாமில்டன் எழுதுகிறார்: படை திரண்டதும் அதற்கென்று ஒரு வெளிப்படையான காரணம் காட்டி வர்ஜீனியா பக்கம் நகர்த்தலாம். பிறகு சட்டத்தை அமல்படுத்த இறங்கினால், அவர்கள் எதிர்க்கிறார்களா இல்லையா என்று சோதித்துப் பார்த்துவிடலாம். இது ஏதோ பத்திரிகையில் வந்த வதந்தி அல்ல, அவரே கைப்பட எழுதியது.

பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 18 அன்று, ஆடம்ஸ் தன் அமைச்சர்கள் யாரிடமும் கேட்காமல் செனட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பிரான்சோடு சமாதானம் பேச வில்லியம் வான்ஸ் மரே என்பவரைத் தூதராக நியமிக்கிறேன் என்று. கட்சிக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். போர்ச் சூட்டில்தான் அவர்களின் செல்வாக்கு வெந்துகொண்டிருந்தது, அடுப்பை அணைப்பவர் அவர்களுடைய அதிபரே. அதற்கு மேல் எல்லாம் வரிசையாக நடந்தது. 1800 மே மாதத்தில் ஹாமில்டனின் ஆட்களாக இருந்த இரண்டு அமைச்சர்களை ஆடம்ஸ் வெளியேற்றினார். அந்தக் கோடையில் புதிய படை கலைக்கப்பட்டது. ஹாமில்டன் அக்டோபரில் ஆடம்ஸின் குணத்தையும் நடத்தையையும் கிழித்து 54 பக்கத்துக்கு ஒரு பிரசுரம் எழுதி, தேர்தல் நேரத்தில் தன் கட்சி வேட்பாளரைத் தானே கவிழ்த்தார்.

பிரான்சோடு ஒப்பந்தமும் ஆனது, 1800 செப்டம்பர் கடைசியில். செய்தி கப்பலேறி வந்து சேர்ந்தபோது தேர்தல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆடம்ஸுக்கு ஒரு வாக்குகூட அதனால் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த பிப்ரவரியில், நாடாளுமன்றம் முட்டிக்கொண்டு நின்றபோது, கட்சித் தலைவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தேசியப் படை இல்லை. அமைதிக்கு யாரையாவது பாராட்டுவதென்றால் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

விதியை வளைக்காதவர் யார்?

1800-ல் ஒரே நாளில் நாடு முழுவதும் வாக்குப்பதிவு என்பது கிடையாது. 16 மாநிலங்களில் ஐந்தில்தான் தேர்வாளர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இடங்களில் மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்தது. வாக்குரிமையும் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கு. (நியூ ஜெர்சி மட்டும் விதிவிலக்கு. அங்கே சொத்துள்ள தனிப் பெண்களும் வாக்களித்தார்கள், 1807-ல் அதைப் பறிக்கும்வரை.)

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்றால் விதியை மாற்றுவதும் ஒரு தேர்தல் வேலைதான். 1796-ல் வர்ஜீனியாவில் ஒரு தேர்வாளர் ஆடம்ஸுக்கு வாக்களித்திருந்தார். அது மறுபடி நடக்கக் கூடாது என்று அங்கே எல்லாத் தேர்வாளர் இடமும் ஜெயித்த தரப்புக்கே என்று மாற்றினார்கள். மாசசூசெட்ஸில் ஃபெடரலிஸ்டுகள் மக்களிடமிருந்து தேர்வாளர் நியமனத்தைப் பிடுங்கிச் சட்டமன்றத்திடம் கொடுத்தார்கள். இரு தரப்பும் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை.

திருப்புமுனை நியூயார்க். அதன் 12 வாக்குகளைச் சட்டமன்றம் தீர்மானிக்கும், சட்டமன்றத்தை நியூயார்க் நகரம் தீர்மானிக்கும். அங்கே ரிபப்ளிகன்களுக்காக வேலை செய்தவர் ஏரன் பர். கெட்டிக்கார வக்கீல், அதைவிடக் கெட்டிக்கார அமைப்பாளர். முந்தைய வருடம் நகரத்துக்குக் குடிநீர் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்துக்கு அனுமதி வாங்கி, மிச்சப் பணத்தை எப்படியும் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியை உள்ளே நுழைத்து, அதை வங்கியாக மாற்றியவர். (அந்த வங்கியின் வாரிசுதான் இன்றைய ஜேபி மார்கன் சேஸ்.) போர்த் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ், முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் போன்ற பெரிய பெயர்களைச் சட்டமன்ற வேட்பாளர்களாக நிறுத்தினார். மூன்று நாள் வாக்குப்பதிவு முடிந்தபோது நகரத்தின் இடங்கள் அத்தனையும் ரிபப்ளிகன்களுக்கு.

அதிர்ந்துபோன ஹாமில்டன், நியூயார்க் ஆளுநர் ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதினார். பதவிக்காலம் முடியாத பழைய சட்டமன்றத்தைக் கூட்டி, தேர்வாளர் நியமன விதியை மாற்றிவிடுங்கள் என்று. ஜேயும் ஃபெடரலிஸ்ட்தான். அவர் பதிலே போடவில்லை. கட்சி லாபத்துக்காகச் சொல்லப்படும் யோசனை, இதைச் செய்வது எனக்கு அழகல்ல என்று கடிதத்தின் மேலேயே குறித்து வைத்துவிட்டு விட்டுவிட்டார். அதிகம் பேசப்படாத செயல். ஆனால் அவர் சரி என்றிருந்தால் நாம் இங்கே வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

பிரச்சாரத்தில் மதம்தான் பெரிய ஆயுதம். ஜெஃபர்சன் நாத்திகர், அவர் வந்தால் தேவாலயம் இருக்காது என்று நியூ இங்கிலாந்துப் போதகர்கள் மேடையேறி முழங்கினார்கள். கடவுளும் பக்தியுள்ள அதிபரும் வேண்டுமா, ஜெஃபர்சன் வந்து கடவுள் போக வேண்டுமா என்று ஃபெடரலிஸ்ட் பத்திரிகை கொட்டை எழுத்தில் கேட்டது. ஜெஃபர்சன் வாய் திறக்கவில்லை.

அதே கோடையில் வர்ஜீனியாவில் வேறு ஒன்று நடந்தது. ரிச்மண்ட் அருகே கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர், ஆகஸ்ட் 30 இரவு நகரத்துக்குள் புகுந்து ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவைச் சிறைப்பிடித்து விடுதலை கேட்கத் திட்டமிட்டிருந்தார். அன்று பெய்த பேய்மழையில் பாலங்கள் மூழ்கின. திட்டமும் காட்டிக்கொடுக்கப்பட்டது. கேப்ரியல் உட்படச் சுமார் 26 பேரைத் தூக்கில் போட்டார்கள். எங்கே நிறுத்துவது என்று மன்றோ ஜெஃபர்சனிடம் யோசனை கேட்டார். போதுமான அளவு தூக்கிலிட்டாயிற்று என்ற எண்ணம் மக்களிடம் இருக்கிறது என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். சுதந்திரம் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவரின் பதில் அதுதான்.

73-க்கு 73

கடைசியில் எல்லாம் தென் கரோலினாவின் 8 வாக்குகளில் வந்து நின்றது. ஃபெடரலிஸ்ட் துணை வேட்பாளர் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி அந்த ஊர்க்காரர். அவருடைய உறவினர் சார்ல்ஸ் பிங்க்னியோ ஜெஃபர்சனுக்காக அங்கேயே தங்கி வேலை பார்த்தார். எட்டும் ஜெஃபர்சன் பக்கம் விழுந்தன.

முடிவு: ஜெஃபர்சன் 73, ஏரன் பர் 73, ஆடம்ஸ் 65, பிங்க்னி 64. அந்த 64-ஐக் கவனியுங்கள். ஃபெடரலிஸ்டுகள் உஷாராக இருந்தார்கள். ரோட் ஐலண்டில் ஒரு தேர்வாளர் தன் இரண்டாம் வாக்கை ஜான் ஜேவுக்குப் போட்டுச் சமநிலை வராமல் பார்த்துக்கொண்டார். ரிபப்ளிகன்களும் அப்படி ஒரு வாக்கைக் குறைக்க நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த மாநிலம் குறைக்கும் என்று இந்த மாநிலமும், இந்த மாநிலம் குறைக்கும் என்று அந்த மாநிலமும் இருந்துவிட்டன. துணை அதிபராக நிறுத்தப்பட்ட பர், விதிப்படி ஜெஃபர்சனுக்குச் சமமான அதிபர் வேட்பாளர் ஆகிவிட்டார்.

அந்த 73-க்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருந்தது. மாநிலங்களின் இடங்களைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ண அரசியல் சட்டம் அனுமதித்தது. 1800-ல் நாட்டின் மக்கள்தொகை சுமார் 53 லட்சம், அதில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் அடிமைகள். வாக்கு இல்லாத அவர்களின் தலைகள் அவர்களின் எஜமானர்களுக்குக் கூடுதல் தேர்வாளர்களைத் தந்தன. ஆடம்ஸ் தோற்றது 8 வாக்கில். அடிமைக் கணக்கில் வந்த இடங்களைக் கழித்தால் ஆடம்ஸ் மயிரிழையில் ஜெயித்திருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. அன்றைக்கே பாஸ்டன் பத்திரிகை ஒன்று, ஜெஃபர்சன் அடிமைகளின் தோளில் ஏறிச் சுதந்திரத்தின் கோயிலுக்குள் போகிறார் என்று எழுதியது. எழுதியவர்கள் அடிமைகள் மேல் உருகிப்போய் எழுதவில்லை, தோற்ற எரிச்சல்தான். ஆனாலும் சொன்னது சரி.

1801 பிப்ரவரி 11 அன்று நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலில் வாக்குகள் எண்ணப்பட்டன. எண்ணும் அவைக்குத் தலைமை துணை அதிபர், அதாவது ஜெஃபர்சனே. ஜார்ஜியாவின் சான்றிதழ் முறையான வடிவத்தில் இல்லை. அவர் அலட்டிக்கொள்ளாமல் அதன் 4 வாக்குகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு நகர்ந்தார். யாரும் எதிர்க்கவில்லை.

பிறகு பிரதிநிதிகள் சபை. 1800 தேர்தலில் மக்கள் ஃபெடரலிஸ்டுகளைத் தூக்கி எறிந்திருந்தார்கள், ஆனால் புதிய சபை கூட இன்னும் பல மாதம் இருந்தது. தோற்ற பழைய சபைதான் அதிபரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தது. சபாநாயகர் யார் தெரியுமா? ஹாமில்டன் கடிதம் எழுதினாரே, அதே செட்ஜ்விக். ஜெஃபர்சனைவிடப் பர் மேல், கொள்கை இல்லாத ஆளோடு பேரம் பேசலாம் என்று ஃபெடரலிஸ்டுகள் பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள். முதல் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 8 மாநிலம், பர்ருக்கு 6. வெர்மான்டும் மேரிலாண்டும் உள்ளுக்குள் சரிபாதியாகப் பிளந்து கணக்கில் வரவில்லை. ஜெயிக்க 9 வேண்டும்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேரிலாண்ட் உறுப்பினர் ஜோசப் நிக்கல்சன் கடும் காய்ச்சலில் கிடந்தார். அவர் வராவிட்டால் மேரிலாண்ட் பர் பக்கம் சாய்ந்துவிடும். பனியில் அவரைத் தூக்கி வந்து பக்கத்து அறையில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மனைவி கைத்தாங்கலாகப் பிடிக்க, அவர் ஜெஃபர்சன் பெயரை எழுதிக் கொடுத்தார். விடிய விடிய வாக்கெடுத்தார்கள், உறுப்பினர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அதே எட்டு, அதே ஆறு, அதே இரண்டு.

பர் என்ன செய்தார்? ஆல்பனியில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார். போட்டியிடமாட்டேன் என்ற தொனியில் முதலில் எழுதியவர், அதிபர் பதவி எனக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லவே இல்லை. பேரம் பேசவும் இறங்கவில்லை, விலகவும் இல்லை. ஜெஃபர்சன் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை.

ஹாமில்டனோ கடிதத்துக்கு மேல் கடிதமாகத் தன் கட்சிக்காரர்களுக்கு எழுதினார். ஜெஃபர்சன் என் எதிரிதான், ஆனால் அவருக்குக் கொள்கை என்று ஒன்று உண்டு. பர் பணத்துக்கும் பதவிக்கும் எதையும் செய்வார் என்பது சாரம். அந்தக் கடிதங்கள் எத்தனை பேரை மாற்றின என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆடம்ஸைத் தாக்கிய பிரசுரத்துக்குப் பிறகு கட்சிக்குள் அவர் பேச்சு எடுபடவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜேம்ஸ் பேயார்ட். டெலவேர் சின்ன மாநிலம், அதற்கு ஒரே ஓர் உறுப்பினர், அவர்தான். அவர் கை ஒரு முழு மாநிலத்தின் வாக்கு. ஆறு நாள் பர் பக்கமே நின்றவர், மார்ச் 4 நெருங்க நெருங்கப் பயந்துவிட்டார். அதிபரே இல்லாமல் நாடு நின்றால் தன் சின்ன மாநிலத்தின் கதி என்ன என்ற பயம். ஜெஃபர்சன் தரப்பு நண்பர் சாமுவேல் ஸ்மித் மூலம் சில உத்தரவாதங்கள் கேட்டார்: அரசு கடனில் கை வைக்கக் கூடாது, கடற்படையைக் கலைக்கக் கூடாது, கீழ்மட்ட அதிகாரிகளைக் கட்சி பார்த்து நீக்கக் கூடாது. இன்னாரை நீக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே கேட்டார். அதில் ஒருவர் வில்மிங்டன் துறைமுகச் சுங்க அதிகாரி அலன் மெக்லேன். ஜெஃபர்சனிடம் பேசிவிட்டேன், கவலை வேண்டாம் என்று ஸ்மித் சொன்னார்.

அப்படி எந்த வாக்குறுதியும் நான் தரவில்லை என்று ஜெஃபர்சன் பிற்பாடு அடித்துச் சொன்னார். இருக்கலாம். ஸ்மித் சும்மா பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டுப் போய் அதை உத்தரவாதமாக விற்றிருக்கலாம். ஆனால் கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டது, கடற்படை சுருங்கினாலும் கலையவில்லை, மெக்லேன் 1829-ல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார். நம்மூர் மொழியில் இதைக் குதிரை பேரம் என்போம்.

பிப்ரவரி 17, 36-வது சுற்று. பேயார்டு வெற்றுச்சீட்டு போட்டார். தென் கரோலினாவும் வெற்றுச்சீட்டு. மேரிலாண்ட் ஃபெடரலிஸ்டுகளும் வெற்றுச்சீட்டு, எனவே அந்த மாநிலம் ஜெஃபர்சனுக்கு. வெர்மான்டின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் ஒதுங்கிக்கொண்டார், மீதி இருந்தவர் ஒருவர்தான்: இடுக்கி புகழ் மாத்யூ லயன். ஆடம்ஸின் சட்டம் சிறையில் தள்ளிய மனிதரின் வாக்கு, வெர்மான்டை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தது. மொத்தம் 10 மாநிலம். ஒரே ஒரு ஃபெடரலிஸ்ட்கூட ஜெஃபர்சனுக்கு வாக்களிக்கவில்லை. விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது, தடுத்ததாகவும் ஆகாது.

560 கிலோ பாலாடைக்கட்டி

பதவியேற்பு நாளில் ஜெஃபர்சன் தங்கியிருந்த விடுதியிலிருந்து கேபிடலுக்கு நடந்தே போனார். நாம் அனைவரும் ரிபப்ளிகன்கள், நாம் அனைவரும் ஃபெடரலிஸ்டுகள் என்ற புகழ்பெற்ற வரி அந்த உரையில்தான் வருகிறது. அவர் குரல் அவ்வளவு மெல்லியது, முன் வரிசைக்கு மேல் பலருக்குக் கேட்கவில்லை. அச்சில் படித்துத்தான் நாடு தெரிந்துகொண்டது. பதவிப்பிரமாணம் செய்துவைத்தவர் ஜான் மார்ஷல், ஆடம்ஸ் கடைசி நேரத்தில் நியமித்த தலைமை நீதிபதி, ஜெஃபர்சனின் தூரத்து உறவு, தீராத பகை. ஃபெடரலிஸ்டுகள் நாடாளுமன்றத்தையும் அதிபர் மாளிகையையும் இழந்தாலும் நீதித்துறையை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆடம்ஸ் கையெழுத்திட்டும் விநியோகிக்கப்படாமல் கிடந்த நியமன ஆணைகளில் ஒன்றுக்காக வில்லியம் மார்பரி தொடுத்த வழக்கில்தான், 1803-ல், அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று மார்ஷல் தீர்ப்பெழுதினார்.

பண்பாட்டு அளவில் நடந்த மாற்றத்தை ஒரு பாலாடைக்கட்டி காட்டுகிறது. மாசசூசெட்ஸின் செஷைர் என்ற கிராமம் முழுக்க பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள். அந்த மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைதான் அரசு ஆதரவு பெற்ற மதம், மற்றவர்கள் தலையிலும் மத வரி விழும். நாத்திகர் என்று தூற்றப்பட்ட ஜெஃபர்சனைப் பக்தி மிகுந்த பாப்டிஸ்டுகள் தலையில் தூக்கிவைத்து ஆடியதற்கு இதுதான் காரணம்: மதத்தில் அரசு தலையிடக் கூடாது என்று சொன்னவர் அவர். ஊர்ப் பால் அத்தனையையும் சேர்த்து 1,235 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 560 கிலோவில் ஒரே கட்டியாகச் செய்து, அவர்களின் போதகர் ஜான் லேலண்ட் அதைப் பனிச்சறுக்கு வண்டியிலும் கப்பலிலும் ஏற்றி வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார். ஃபெடரலிஸ்ட் மாட்டின் பால் ஒரு சொட்டும் சேரவில்லை என்று பெருமை. அடிமை உழைப்பும் இதில் இல்லை என்று, அடிமைகளை வைத்திருந்த அதிபரிடமே சொன்னார்கள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னார்களா என்று தோன்றும்.

கட்டியை அதிபரிடம் கொடுத்த 1802 ஜனவரி 1 அன்றே, கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் கடிதம் எழுதினார். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே பிரிவினைச் சுவர் என்ற சொல் அமெரிக்கச் சட்ட மொழிக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பிரதிநிதிகள் சபைக் கூடத்தில் லேலண்ட் செய்த பிரசங்கத்தைக் கேட்க ஜெஃபர்சன் நேரில் போய் உட்கார்ந்திருந்தார். சுவர் எழுப்பியவர் அரசுக் கட்டடத்துக்குள்ளேயே பிரசங்கம் கேட்கிறாரே என்று கேட்டால், அவருக்கு அதில் முரண் தெரிந்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் முறையின் ஓட்டையை அடைக்க மூன்று வருடம் ஆனது. 1804 ஜூனில் 12-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது, அதிபருக்குத் தனி வாக்கு, துணை அதிபருக்குத் தனி வாக்கு. அதே வருடம் ஜூலை 11 அன்று ஹட்சன் நதியின் மறுகரையில் வீஹாக்கன் என்ற இடத்தில் பர்ரும் ஹாமில்டனும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். மறுநாள் ஹாமில்டன் இறந்தார். ஃபெடரலிஸ்டுகள் அதற்குப் பிறகு ஒரு அதிபர் தேர்தலிலும் ஜெயிக்கவில்லை.

ஐந்தில் மூன்று கணக்கை மட்டும் அந்தத் திருத்தம் தொடவில்லை. அதை நீக்க வேண்டும் என்று நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள் 1814–15-ல் ஹார்ட்ஃபர்டில் கூடிக் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. 1801 முதல் 1825 வரை ஜெஃபர்சன், மாடிசன், மன்றோ என்று 24 வருடம் தொடர்ந்து அதிபர் மாளிகையில் இருந்தவர்கள் வர்ஜீனியாவின் அடிமை எஜமானர்கள். கடைசியாகச் சொன்னவர், கேப்ரியல் தூக்கிலேறிய வருடத்து ஆளுநர். அந்தக் கணக்கு அரசியல் சட்டத்திலிருந்து போனது 1868-ல், உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருடம் கழித்து.